கண்ணுக்கும் பாடம் உண்டு

மோட்டார் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவருக்கு முதல் நாள் தொடங்கிக் கற்பிக்கப்படுவன யாவும் கைக்கும் காலுக்கும் உரிய பாடங்களே. கிளட்சை எவ்வளவு மெதுவாக விடவேண்டும், கியரை எந்தச் சமயத்தில் மாற்றவேண்டும், ஏற்றத்தில் நின்ற வண்டியைப் பின்னுக்கு உருளவிடாமல் எப்படிக் கிளப்பவேண்டும் என்றெல்லாம் பக்கத்து ஆசனத்தில் அமர்ந்து, தம் காலடியிலும் ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, மிகுந்த பொறுமையோடு சொல்லித்தருகிற ஆசிரியர், மாணவருடைய கண்கள் அந்நேரத்தில் எங்கே இருக்கின்றன என்பதைப் பெரும்பாலும் விசாரிப்பதில்லை. 'ரோட்டைப் பார்த்து ஓட்டு' என்ற ஒற்றை வாக்கியத்தோடு அந்த விஷயத்தை முடித்துவிடுகிறார். மோட்டார் வாகனச் சட்டத்தை ஒட்டி 1989இல் வகுக்கப்பட்ட மத்திய விதிகளில், பின்புறம் காட்டும் கண்ணாடியைப் பார்த்த பிறகே சைகை காட்டவேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆயினும், தமிழ்நாட்டில் லைசென்ஸ் வாங்கப் புறப்படுகிற எவரையும் கேட்டுப் பாருங்கள். அவர் மனத்தில் நிற்பது 'எட்டு' ஒன்றுதான். காலை ஊன்றாமல் எட்டுப் போட்டுவிட்டால் வண்டி ஓட்டத் தெரிந்துவிட்டது என்பது ஊரறிந்த சித்தாந்தம்.

இந்தச் சித்தாந்தம் உண்மையானால், அதற்குப் பொருந்தாத ஒரு புதிரை விளக்கவேண்டியிருக்கும். பல நாடுகளில் திரட்டப்பட்ட விபத்துப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் ஏறக்குறைய ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்: ஒருவர் துணையின்றித் தனியே ஓட்டத் தொடங்கும் முதல் சில மாதங்களே அவருடைய வாழ்நாளில் மிக அபாயமான ஓட்டுநர் காலம், அதன்பின் ஆறு மாதத்துக்குள்ளாகவே அந்த அபாயம் செங்குத்தாக இறங்கிவிடுகிறது. இளமையின் துடிப்பே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆறு மாதத்தில் யாருடைய இளமையும் கழிந்துவிடுவதில்லை. வயது முதிர்ந்து ஓட்டக் கற்றவர்களிடத்திலும், அளவில் குறைவாயினும், இதே இறக்கம் காணப்படுகிறது. கைகால்களின் பழக்கம் என்றும் சொல்வதற்கில்லை. பரீட்சையில் தேறும்போதே அவை பெரும்பாலும் படிந்துவிட்டன. அப்படியானால், எந்த ஆசிரியரும் கற்பிக்காமல், எந்தப் பரீட்சையும் கேட்காமல், சில சமயம் சிராய்ப்பையும் சில சமயம் உயிரையும் கட்டணமாகக் கொடுத்து, அந்த ஆறு மாதத்தில் அவர் தாமாகவே கற்றுக்கொண்ட வித்தை எது என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

முதலில் கண்ணைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகச் சொல்லவேண்டும். நாம் உலகத்தை விளிம்புவரை தெளிவான ஒரு பெரும் படமாக, ஒரே நேரத்தில், முழுமையாகக் காண்பதாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். இந்த எண்ணம் வெறும் பிரமை. இந்தப் பக்கத்திலுள்ள ஏதேனும் ஒரு சொல்லின்மேல் பார்வையை அசையாமல் நிறுத்திக்கொண்டு, நான்கைந்து சொல் தள்ளியிருப்பதைப் படிக்க முயன்று பாருங்கள். எழுத்து இருப்பது தெரியும், என்ன எழுத்து என்பது தெரியாது. விழித்திரையின் நடுவிலுள்ள மிகச் சிறிய குழி ஒன்றே நுட்பமாகக் காணவல்லது. அது காணும் பரப்பு ஏறத்தாழ இரண்டு பாகை, அதாவது கையை நேரே நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கிற அளவு. அதற்கு வெளியே விரிந்து கிடக்கும் எஞ்சிய பார்வைப் பரப்பு முழுவதும், ஏதோ அசைகிறது, ஏதோ ஒளிர்கிறது என்று எச்சரிக்கத் தக்கதேயன்றி, அசைவது கன்றா குழந்தையா என்று தீர்த்துச் சொல்லத் தக்கதன்று.

இக்குறையை ஈடுசெய்வதற்காகவே கண் ஓயாமல் தாவிக்கொண்டிருக்கிறது. விநாடிக்கு ஏறக்குறைய மூன்று முறை அது ஓரிடத்தில் பதிந்து, விநாடியில் கால் பங்குக்கு முன்பின்னான நேரம் தங்கி, அடுத்த இடத்துக்குப் பாய்கிறது. பாய்கிற அந்த க்ஷணத்தில் மூளை பார்வையைப் பெரும்பாலும் அடக்கிவைத்துவிடுகிறது. நிலைக்கண்ணாடியின் முன் நின்று உங்கள் இடக் கண்ணையும் வலக் கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். எதிரில் நிற்பவருக்கு உங்கள் விழிகள் அசைவது நன்றாகத் தெரியும், உங்களுக்கோ அவை ஒருபோதும் அசைந்ததாகத் தெரியாது. ஆகவே, ஓட்டுகிறவர் சாலையைப் பார்க்கிறார் என்று நாம் சொல்லும்போது, உண்மையில் நடப்பது, கட்டைவிரல் நகத்தளவான துண்டுகளை விநாடிக்கு மூன்றாகப் பொறுக்கி, இடையிலுள்ளவற்றை நினைவாலும் ஊகத்தாலும் நிரப்பி, ஒரு சாலையை அவர் மனத்துக்குள் கட்டிக்கொள்வதே. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்குப் பதினாறரை மீட்டருக்கு மேல் போய்விடுகிறது; எனவே கண்ணின் ஒவ்வொரு பதிவுக்கும் ஐந்தாறு மீட்டர் சாலை விலையாகிறது. அத்தனை அருமையான பதிவுகளை எங்கே செலவிடுவது என்று தீர்மானிப்பது கண்ணன்று, அதற்குப் பின்னால் இருக்கும் மனம்.

புதியவர் அவற்றை எங்கே செலவிடுகிறார் என்பதை முதன்முதலில் அளந்து காட்டியவர்களுள் ரொனால்ட் மூரன்ட், தாமஸ் ராக்வெல் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் முக்கியமானவர்கள். இவர்கள், கண்ணசைவைப் பதிவுசெய்யும் கருவியைப் பூட்டி, ஓட்டப் பழகும் சிலரையும் அநுபவமுள்ள சிலரையும் மெய்யான சாலையிலேயே ஓட்டச் செய்து, 1972இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். புதியவர்களின் பார்வை வண்டியின் மூக்குக்கு மிக அருகிலேயே விழுந்தது. அந்நாட்டில் வண்டிகள் வலப்பக்கமாகச் செல்வதால், வலது ஓரத்து விளிம்பை விட்டு அது அதிக தூரம் விலகவில்லை. இடவலமாகத் துழாவும் அகலம் குறுகியிருந்தது. பின்புறக் கண்ணாடிகளை அவர்கள் அரிதாகவே நாடினார்கள். அநுபவசாலிகளோ வெகு தொலைவில் பார்வையை வைத்து, அகலமாகத் துழாவி, ஓரத்து விளிம்பைக் கடைக்கண்ணின் பொறுப்பிலேயே விட்டுவிட்டார்கள். புதியவர் கவனமற்றவர் என்று இதற்குப் பொருளன்று. அவர் கவனம் முழுவதையும், வண்டி பாதையில்தான் போகிறதா என்ற ஒரே கேள்வி விழுங்கிவிட்டது. அவரிடம் போய் 'கவனமாக ஓட்டு' என்று உபதேசிப்பது, இருக்கிற கவனத்தையும் இன்னும் இறுக்கி வண்டியின் மூக்கிலேயே கட்டிவைப்பதில்தான் முடியும் என்பது என் அபிப்பிராயம்.

வளைவுகளில் கூட இப்படித்தான். எடின்பரோ நகரத்தில் ஆர்தர்ஸ் சீட் என்னும் குன்றைச் சுற்றி வளைந்து வளைந்து செல்லும் பாதையில் ஓட்டுநர்களின் கண்ணசைவைப் பதிந்த மைக்கேல் லேண்டும் டேவிட் லீயும், ஸ்டியரிங் திரும்புவதற்கு ஓரிரு விநாடி முன்னதாகவே கண் வளைவின் உள்விளிம்பில் சென்று நின்றுவிடுகிறது என்பதை 1994இல் காட்டினார்கள். கண் முன்னே போக, கை பின்னே தொடர்கிறது. தூரத்தில் பார்க்கச் சொல்லிக்கொடுத்தால், வண்டியை நேரே ஓட்டுகிற பாடமும் பாதி அதிலேயே முடிந்துவிடும்.

ஆனால் கண் ஓரிடத்தில் பதிந்துவிட்டது என்பதனாலேயே அங்கிருப்பது மனத்துக்கு எட்டிவிட்டது என்று கொள்ள முடியாது. டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் இருவரும் 1999இல் வெளியிட்ட பிரசித்தமான பரிசோதனையில், பந்து கைமாறுவதை எண்ணிக்கொண்டிருக்கச் சொல்லப்பட்ட பார்வையாளர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், கூட்டத்தின் நடுவே நின்று மார்பைத் தட்டிக்கொண்டு போன கொரில்லா வேஷக்காரரைக் காணவே இல்லை. எண்ணுவது என்ற கேள்வியோடு பார்த்தவர்களுக்கு, அந்தக் கேள்விக்கு விடையாகாத பொருள் எதிரே நின்றும் இல்லாததாயிற்று. மோதிய பிறகு, 'பார்த்துத்தானே திரும்பினேன், பைக் எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை' என்று சொல்கிற கார்க்காரர் எப்போதும் பொய் சொல்கிறார் என்று எண்ணிவிடக்கூடாது. கார் வருகிறதா, லாரி வருகிறதா என்ற கேள்வியோடு பார்த்தவருக்கு மோட்டார் சைக்கிள் விடையாக வரவில்லை. கைபேசியில் பேசிக்கொண்டே ஓட்டுவதன் தீங்கும், யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் முதலானோர் காட்டியபடி, கை வேலைப்படுவதில் இல்லை. காதில் கருவியை மாட்டிப் பேசினாலும் மனம் உரையாடலுக்குள் போய்விடுவதால், கண் பதிந்த பொருளும் பதிவாகாமல் போகிறது.

மோட்டார் சைக்கிளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது. ஏனெனில் இந்தியாவில் 2022இல் சாலை விபத்துகளில் மாண்ட 1,68,491 பேரில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் இருசக்கர வண்டியில் சென்றவர்களே. எதிரே வரும் பைக்கின் அகலத்தை முக்கால் மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நூறு மீட்டரில் அது அரைப் பாகைக்கும் குறைவாக, பூரண சந்திரனுடைய அகலத்தைவிடச் சிறியதாகவே தோன்றும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற அது நாம் நிற்குமிடத்தை அடைய ஆறு விநாடிதான் ஆகும். அதில் முதல் மூன்று விநாடி கழிந்து ஐம்பது மீட்டருக்கு வந்த பின்னும் ஒரு பாகையைத் தொடுவதில்லை. கண்ணெதிரே அது பெருத்துக் காட்டுவதெல்லாம் கடைசி ஓரிரு விநாடியில்தான். பெரிய பொருள் சீக்கிரம் வரும், சிறிய பொருள் தாமதித்து வரும் என்று மதிப்பிடுகிற பலவீனமும் நம் பார்வைக்கு உண்டு. ஆகையால் அதே தூரத்தில் அதே வேகத்தில் லாரி வந்தால் காத்து நிற்கிறவர், பைக் வந்தால் குறுக்கே திருப்பிவிடுகிறார். இது போதாதென்று, கூரையைத் தாங்கும் முன்தூண் வேறு இருக்கிறது. நாற்சந்தியை நோக்கி இரு சாலைகளில் இரு வண்டிகள் ஒரே சீராக வந்து ஒரே சமயத்தில் கூடப்போகின்றன என்றால், ஒன்றிலிருந்து பார்க்க மற்றது திசை மாறாமலே இருக்கும்; அந்தத் திசையில் முன்தூண் அமைந்துவிட்டால், கடைசி வரையில் பைக் அதன் மறைவிலேயே வந்து சேரும். தலையை ஆசனத்தில் சாய்த்தபடியே ஓட்டுகிறவருக்கு இதற்குப் பரிகாரம் இல்லை. சந்தியில் முன்னும் பின்னுமாகத் தலையை ஒருமுறை நகர்த்திப் பார்க்கிறவருக்கு உண்டு. ஒரே நிமிஷத்தில் கற்பித்துவிடக் கூடிய இந்தப் பாடத்தை எத்தனை பேர் கற்றிருக்கிறார்கள்?

இதுவரை சொன்னவை காண்பதைப் பற்றியவை. நல்ல ஓட்டுநரின் சாமர்த்தியம் இதற்கும் அப்பால், காணாததை அறிவதில் இருக்கிறது. புகையைக் கண்டு மலையில் நெருப்புண்டு என்று துணிவதை அநுமானப் பிரமாணத்துக்கு உதாரணமாக நம் தர்க்க சாஸ்திரிகள் காட்டுவார்கள். சாலையில் தேர்ந்தவர் ஒருவர் நாள் முழுவதும் செய்கிற காரியம் அதுவே. நின்ற பஸ்ஸின் முன்புறம் அவருக்குத் தெரியாது. ஆயினும் இறங்கியவர்களில் ஒருவராவது அதன் முன்னால் சுற்றிக் குறுக்கே வருவார் என்று அவர் அறிவார். சாலையோரத்தில் நிற்கிற ஒரு பெண்மணி கையை உயர்த்தினால், தேர்ந்தவருடைய கண் அவ்வம்மையின்மேல் ஒரு க்ஷணம் பதிந்து, உடனே முன்னே செல்லும் ஆட்டோவுக்குத் தாவும். சைகையின்றி அது இடப்புறம் ஒதுங்கி நிற்கப்போகிறது என்பது, அதன் டிரைவருக்கே தோன்றும் முன்னர் இவருக்குத் தோன்றிவிடும். ஒரு கன்று சாலையைக் கடந்துவிட்டால், கடந்ததைப் பார்க்கமாட்டார், அது வந்த பக்கத்தைப் பார்ப்பார். தாய்ப்பசு அங்கேதான் இருக்கும். ஓரமாக நிறுத்திய காருக்குள் தலை தெரிந்தால் கதவு திறக்கலாம் என்று ஒரு கதவகலம் விலகிச் செல்வார். சந்தியில் காத்திருக்கும் காரில், ஓட்டுகிறவருடைய முகத்தை நம்பாமல் முன்சக்கரத்தைப் பார்ப்பார். சக்கரம் உருளத் தொடங்குவது வண்டி நகர்வதைக் காட்டிலும் முன்னே புலப்படும். இரவில் திருப்பத்து மரங்களில் வெளிச்சம் படர்ந்தால், வண்டி தெரியுமுன்பே வண்டி வருகிறதென்பார். இருமருங்கும் புளியமரங்கள் நின்ற பழைய சாலைகளில் மரவரிசையின் போக்கைக் கொண்டே வளைவை அளந்துவிடுவார். புதிய புறவழிச்சாலை பிரியும் இடங்களில் அதே மரவரிசை நேரே போய் ஏமாற்றும் என்பதையும் அறிந்து வைத்திருப்பார்.

ஜேம்ஸ் கிப்ஸன், லாரன்ஸ் க்ரூக்ஸ் என்ற இருவர் 1938ஆம் ஆண்டிலேயே, வண்டி எங்கெங்கே தடையின்றிச் செல்லக்கூடுமோ அந்தப் பரப்பு, சாலையின்மேல் நீண்டு கிடக்கும் ஒரு நாக்கைப் போல ஓட்டுநருக்கு முன்னே எப்போதும் விரிந்தும் சுருங்கியும் செல்வதாக வர்ணித்தார்கள். மேலே சொன்ன பஸ்ஸும் ஆட்டோவும் கன்றும் அந்த நாக்கை ஒருபுறம் கடித்துச் சுருக்குகின்றன. அநுபவசாலி சுருங்கிய பரப்பையே தம் சாலையாகக் கொள்கிறார். புதியவர் தார் போட்ட இடமெல்லாம் தமது என்று கொள்கிறார்.

இந்த அநுமானத்தைக் கற்பிக்க முடியுமா, அல்லது ஆண்டுகள் கழிந்துதான் வருமா என்றால், கற்பிக்க முடியும் என்பதற்குப் போதுமான சாட்சியம் இருக்கிறது. லண்டன் மாநகரப் போலீஸார் 1930-களில் ஹெண்டனில் நிறுவிய ஓட்டுநர் பள்ளியோடு நெடுங்காலத் தொடர்புடைய ஒரு பழக்கம், ஓட்டிக்கொண்டே உரக்கப் பேசுவது: கண் எதைக் கண்டது, அதனால் என்ன நேரலாம், அதற்காகத் தாம் என்ன செய்யப்போகிறார் என்பதை மாணவர் இடைவிடாமல் சொல்லிக்கொண்டே போகவேண்டும். இதன் நுட்பம் என்னவென்றால், ஆசிரியருக்கு மாணவரின் மனம் செவிப்புலனாகிவிடுகிறது; பேச்சு எங்கே நின்றுபோயிற்றோ அங்கே பார்வையும் நின்றுபோயிற்று என்று அறிந்துகொள்ளலாம். பழகாதவருக்கு முதலில் நாக்குத் தடுமாறும், அதனால் வண்டியும் சற்றுத் தடுமாறும். ஆகவே ஆரவாரமில்லாத சாலையில், குறைந்த வேகத்தில் தொடங்குவதே முறை.

பிரிட்டன் இதைப் பரீட்சையாகவே ஆக்கிவிட்டது. 2002 நவம்பரிலிருந்து அங்கே லைசென்ஸ் கேட்பவர், சாலைக் காட்சிகளைக் கொண்ட பதினான்கு சிறு சலனப் படங்களைப் பார்த்து, அபாயம் உருவாகத் தொடங்கும் கணத்தில் பொத்தானை அழுத்தவேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழுத்துகிறாரோ அவ்வளவு மதிப்பெண், ஓர் அபாயத்துக்கு அதிகபட்சம் ஐந்து. ஒரு படத்தில் மட்டும் இரண்டு அபாயங்கள் உண்டாதலால் மொத்தம் 75; கார் ஓட்டுகிறவருக்குத் தேர்ச்சி 44. சும்மா அழுத்திக்கொண்டே இருந்தால் அப்படத்துக்குப் பூஜ்யம் கிடைக்கும். அளக்க முடியாததென்று எண்ணப்பட்ட ஒரு திறனை அளந்து காட்டியதே இதன் பெருமை.

மாஸசூஸெட்ஸ் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஃபிஷர் குழுவினர் வகுத்த முறை இன்னும் எளிது. சாலையை மேலிருந்து பார்த்த படம் ஒன்றைக் கொடுத்து, நின்ற லாரிக்குப் பின்னால், புதருக்குப் பின்னால், எங்கெங்கே ஒருவர் மறைந்திருக்கக்கூடும் என்று மாணவரையே வட்டமிடச் சொல்கிறார்கள். தவறினால் விளக்கி, மறுபடி இடச் சொல்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் இப்பயிற்சிக்குப் பின், மெய்யான சாலையில் கண்ணசைவை அளந்தபோது, பயின்றவர்கள் அந்த மறைவிடங்களை, பயிலாதவர்களைவிட மிக அதிகமாக நோக்கினார்கள். பிறகு கலிபோர்னியாவில் லைசென்ஸ் பெற்ற ஐயாயிரத்துக்கு மேற்பட்ட இளைஞர்களிடம் பரீட்சித்ததில், பயின்ற ஆண்பிள்ளைகளின் விபத்து விகிதம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தது. பெண்களிடம் அத்தகைய குறைவு தோன்றவில்லை. எல்லா நோய்க்கும் இதுவே மருந்து என்று சொல்லாமல் இருப்பதற்கு இந்த ஒரு முடிவே போதும். ஆயினும் நார்வேயின் அநுபவத்தோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும். வழுக்கும் சாலையில் வண்டியை அடக்கியாளும் பயிற்சியை அந்நாடு புதிய ஓட்டுநர்களுக்குக் கட்டாயமாக்கியது. அப்பயிற்சி பெற்ற இளைஞர்களிடையே வழுக்குச் சாலை விபத்துகள் குறைவதற்குப் பதிலாகக் கூடின. கைக்குத் திறமையைக் கொடுத்தால் துணிச்சல் வளர்கிறது. கண்ணுக்கு அபாயத்தைக் காட்டினால் அடக்கம் வளர்கிறது என்று நான் இதற்குப் பொருள் கொள்கிறேன்.

2022இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் 64,105 விபத்துகள் பதிவாயின. எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். மாண்டவர் 17,884 பேர். சாலையின் அமைப்பு, குடி, வேகம், தலைக்கவசமின்மை என்று இதற்குக் காரணங்கள் பல உண்டு. இவற்றைத் தீர்க்க அரசாங்கமும் பொருளும் வேண்டும். கண்ணைப் பழக்குவதற்கு அவை வேண்டா. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர்கள் பாடத்தில் நாள்தோறும் பத்து நிமிஷம் வண்டியைத் தாமே ஓட்டி, மாணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, 'இந்தத் தெருவில் இப்போது எது அசையப்போகிறது, சொல்' என்று கேட்டாலே போதும். கையும் காலும் ஓய்ந்திருக்கிற அந்நேரத்தில்தான் புதியவருடைய மனத்துக்கு இடம் இருக்கிறது. வீட்டில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளை உடையவர்களுக்கும் இதையே சொல்வேன். டவுன் பஸ்ஸில் முன்ஆசனம் கிடைத்தால் அவர்களை அங்கே உட்காரவைத்து, அடுத்த நிறுத்தம் வரையில், டிரைவர் பிரேக்கை மிதிப்பதற்கு முன்னால் அவர் எதற்காக மிதிக்கப்போகிறார் என்பதைச் சொல்லச் சொல்லுங்கள். இதற்கு லைசென்ஸ் தேவையில்லை.